அறியாதவரோடு கொடுக்கல் வாங்கல்: பகிர்வுப் பொருளாதாரம் இயங்கும் விதம்

ஒருவரிடம் சும்மா கிடக்கும் பொருளையோ இடத்தையோ பணத்தையோ, அல்லது அவருடைய ஓய்வு நேரத்தையோ, முன்பின் தெரியாத இன்னொருவர் கட்டணம் கொடுத்துச் சிறிது காலம் பயன்படுத்திக்கொள்கிறார். இருவரையும் சேர்த்துவைக்கும் இணையத்தளம் நடுவில் நின்று தன் கமிஷனை எடுத்துக்கொள்கிறது. பகிர்வுப் பொருளாதாரம் என்று கடந்த 15 ஆண்டுகளாகப் பேசப்படுவது சுருக்கமாக இதுதான். ஏர்பிஎன்பி வழியாக வாடகைக்குப் போகும் அறைகள் அந்த நிறுவனத்தின் சொத்து அல்ல. ஊபரிலும் ஓலாவிலும் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை ஓட்டுநர்களுக்கோ தனியார் உரிமையாளர்களுக்கோ சொந்தமானவை. வாங்கிய கடனின் தவணையைக் கட்டுவதும் அவர்கள்தான். நிறுவனத்திடம் இருப்பது ஒரு செயலியும் ஒரு பெரிய பட்டியலும்.

இரவல் கொடுப்பதும் செலவைக் கூட்டாகப் பங்கிடுவதும் எந்த ஊருக்கும் புதிதல்ல. சென்னையின் ஷேர் ஆட்டோவில் அறிமுகமற்றவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் வண்டியும் ஓட்டுநரும் ஏறுகிறவரின் கண்முன்னே இருக்கிறார்கள். பிடிக்காவிட்டால் அடுத்த வண்டிக்கு நிற்கலாம். தெருவில் நடக்கும் சீட்டில் சேருபவருக்குச் சீட்டுப் பிடிப்பவரின் வீடு தெரியும், உறவுக்காரர்கள் தெரியும். இணையத்தளத்தில் இவை எதுவும் கிடையாது. மதுரையிலிருந்து போகிறவர் லிஸ்பனில் ஒரு வீட்டின் சாவியைப் பெறுகிறார். வீட்டுக்காரர் அவரைப் பார்த்ததில்லை. அவரும் வீட்டைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். பணம் மட்டும் முன்கூட்டியே கைமாறியிருக்கிறது. இது எப்படிச் சாத்தியமாகிறது என்பதுதான் விளக்க வேண்டிய விஷயம்.

இந்த ஏற்பாட்டின் முன்மாதிரி கணினி வலையமைப்பிலிருந்து வந்தது. வழக்கமான வலையமைப்பில் எல்லாக் கணினிகளும் மையத்தில் இருக்கும் சர்வரிடம் கேட்டு வாங்கும். ஆளுக்கு ஆள் வலையமைப்பில் ஒவ்வொரு கணினியும் கொடுக்கவும் செய்யும், வாங்கவும் செய்யும். 1999இல் ஷான் ஃபானிங் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் உருவாக்கிய நாப்ஸ்டர் இந்த முறையை உலகறியச் செய்தது. பாட்டு ஒருவருடைய கணினியிலிருந்து இன்னொருவருடைய கணினிக்கு நேராகப் போகும். எந்தப் பாட்டு யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் நாப்ஸ்டரின் சர்வரில் இருந்தது. இசை நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தபோது நீதிமன்றத்தின் கை நீண்டது அந்தப் பட்டியலை நோக்கித்தான். 2001 ஜூலையில் நாப்ஸ்டர் நின்றுபோனது. பின்னால் வந்த பிட்டோரன்ட் வகை வலைகள் பட்டியலையும் பயனர்களிடையே சிதறடித்தன. அதனால் மூடுவதற்கென்று ஒரே இடம் இல்லாமல் போயிற்று.

இன்றைய பகிர்வுத் தளங்களில் பெரும்பாலானவை நாப்ஸ்டரின் அமைப்பையே ஒத்திருக்கின்றன. பொருளும் சேவையும் ஆளுக்கு ஆள் போகின்றன. பட்டியல் ஒரே கையில் இருக்கிறது. யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன வேண்டும், யாரை நம்பலாம், இந்த நிமிடத்தில் என்ன விலை என்பதெல்லாம் அதில் அடங்கும். இந்தப் பொருளாதாரத்தின் நன்மைகளும் சச்சரவுகளும் பெரும்பாலும் அந்தப் பட்டியலிலிருந்தே கிளம்புகின்றன.

அடிப்படையில் இது சும்மா கிடப்பதைப் பற்றிய கணக்கு. கார் என்பது தன் வாழ்நாளில் சுமார் 95 சதவீத நேரம் நின்றுகொண்டே இருக்கிறது என்பது வாகன நிறுத்தப் பிரச்சினையை ஆராய்ந்த டொனால்ட் ஷூப் சொன்ன புகழ்பெற்ற மதிப்பீடு. துளைபோடும் கருவி, விருந்தினர் அறை, விழாவுக்கு வாங்கிய பாத்திரம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். கணினிகளும் அப்படியே. 1999 மே மாதம் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் செட்டி அட் ஹோம் என்ற திட்டத்தைத் தொடங்கி, வேற்றுலக உயிர்களின் சமிக்ஞையைத் தேடும் கணக்கு வேலையை வீட்டுக் கணினிகளின் ஓய்வு நேரத்தில் செய்வித்தது. 2020 மார்ச்சில் கணக்கு வேலை அனுப்புவதை நிறுத்தும்வரை 50 லட்சத்துக்கும் அதிகமானோர் சேர்ந்தார்கள். யாருக்கும் ஒரு காசு தரப்படவில்லை. பகிர்வு என்ற பெயருக்கு முழுத் தகுதி படைத்த இத்தகைய முயற்சிகள் பிற்காலத் தளங்களைப் பற்றிய பேச்சில் அநேகமாக நினைவுகூரப்படுவதில்லை.

சும்மா கிடக்கும் கார் பல பத்தாண்டுகளாக அப்படித்தான் கிடக்கிறது. அது ஏன் முன்பே வாடகைக்குப் போகவில்லை? இதற்கான விடை 1937இல் பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. சந்தையைப் பயன்படுத்துவதற்கே ஒரு செலவு உண்டு என்றார் அவர். தகுந்த ஆளைத் தேட வேண்டும், பேரம் பேச வேண்டும், சொன்னபடி நடக்கிறாரா என்று கவனிக்க வேண்டும். இந்தப் பரிவர்த்தனைச் செலவு அதிகமாக இருக்கும் இடங்களில் மக்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேரம் பேசுவதை விட்டுவிட்டு நிறுவனம் அமைத்துக்கொள்கிறார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு காரை இரவல் தர இரண்டு நாள் பேச வேண்டியிருந்தால் யாரும் தரமாட்டார்கள். இந்தக் கட்டுரையும் பின்னர் எழுதியவையும் கோஸுக்கு 1991இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தன.

இணையமும் பிறகு ஸ்மார்ட்போனும் அந்தச் செலவை நொறுக்கின. 1995இல் பியேர் ஒமிட்யார் தொடங்கிய ஏலத்தளம்தான் பின்னாளில் ஈபே ஆனது. அதில் முதலில் விற்றது உடைந்துபோன லேசர் சுட்டி ஒன்று, விலை 14.83 டாலர். உடைந்த பொருளுக்கும் எங்கோ ஒருவர் ஆசைப்படுவார், அவரைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. 2007க்குப் பிறகு கைப்பேசியில் இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ், வரைபடம், பணம் செலுத்தும் வசதி மூன்றும் ஒன்றுசேர்ந்தன. 2010இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஊபர்கேப் என்ற பெயரில் ஓடத் தொடங்கிய ஊபர், முதலில் உரிமம் பெற்ற சொகுசுக் கார்களை மட்டுமே அழைத்துக் கொடுத்தது. சொந்தக் கார் வைத்திருக்கும் சாதாரண மனிதர் பயணிகளை ஏற்றும் முறையைச் சைட்கார், லிஃப்ட் ஆகிய நிறுவனங்கள் 2012இல் கொண்டுவந்த பிறகே ஊபரும் அந்தப் பக்கம் திரும்பியது.

பலன் அளக்கக்கூடியதாக இருந்தது. ஜட் கிரேமரும் ஆலன் குரூகரும் 2016இல் அமெரிக்க நகரங்களின் தரவுகளை ஒப்பிட்டார்கள். ஊபர் ஓட்டுநரின் வண்டியில் பயணி இருக்கும் நேரத்தின் பங்கு டாக்சி ஓட்டுநருடையதைவிடச் சுமார் 30 சதவீதம் அதிகம். தூரத்தில் கணக்கிட்டால் 50 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். காரணம் மாயம் எதுவுமல்ல. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு வண்டி அனுப்பும் முறையைவிட ஜிபிஎஸ் பொருத்தம் துல்லியமானது. ஒரே தளத்தில் வண்டிகள் பெருகப் பெருக, பயணிக்கு மிக அருகில் ஒரு வண்டி இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. ஊருக்கு ஊர் மாறும் டாக்சி விதிகளும் இதில் பங்கு வகிக்கின்றன. பக்கத்து நகரத்தில் பயணியை இறக்கும் டாக்சி அங்கேயே இன்னொருவரை ஏற்றக்கூடாது என்றால் திரும்பும் பயணம் காலியாகத்தானே போகும்.

ஏர்பிஎன்பியின் தொடக்கம் பலமுறை சொல்லப்பட்ட கதை. 2007 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் வடிவமைப்பாளர்கள் மாநாடு நடந்தது, விடுதிகள் நிரம்பிவிட்டன. வாடகை கட்டத் திணறிய பிரையன் செஸ்கியும் ஜோ கெபியாவும் தங்கள் குடியிருப்பில் காற்று நிரப்பும் மெத்தைகளைப் போட்டு மூன்று பேரைத் தங்கவைத்தார்கள். கட்டணம் ஓர் இரவுக்கு 80 டாலர். நேதன் பிளெச்சார்சிக் சேர்ந்த பிறகு 2008இல் தளம் தொடங்கியது. ஆனால் யாரும் வரவில்லை. அந்த ஆண்டு அமெரிக்கத் தேர்தலை ஒட்டி ஒபாமா, மெக்கெய்ன் பெயர்களில் காலை உணவுப் பொட்டலங்களை 40 டாலருக்கு விற்றுத்தான் நிறுவனர்கள் பணம் திரட்டினார்கள். 2020 டிசம்பரில் 68 டாலருக்கு வெளியிட்ட அதன் பங்கு முதல் நாளே இரண்டு மடங்கைத் தாண்டியது.

உணவுப் பொட்டலத்துக்கும் பங்கு வெளியீட்டுக்கும் இடையில் நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ள ‘இருபக்கச் சந்தை’ என்ற கருத்து உதவும். ஷான் ஷார்ல் ரோஷேவும் ஷான் திரோலும் 2003இல் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார்கள். பயணிகள் இல்லாவிட்டால் ஓட்டுநர்கள் வரமாட்டார்கள். ஓட்டுநர்கள் இல்லாவிட்டால் பயணிகள் வரமாட்டார்கள். ஆகவே எந்தப் பக்கத்தை இழுப்பது கடினமோ அந்தப் பக்கத்துக்குத் தளம் நஷ்டப்பட்டுச் சலுகை கொடுக்கும். மறுபக்கத்திலிருந்து, அல்லது பிற்பாடு, வசூலிக்கும். ஊபர் தன் முதல் முழு ஆண்டு இயக்க லாபத்தைக் கண்டது 2023இல்தான். அதுவரை மலிவான பயணங்களுக்கான செலவின் ஒரு பகுதியை முதலீட்டாளர்கள் சுமந்தார்கள். இந்தியாவிலும் ஆரம்ப நாட்களில் ஓட்டுநர்களுக்கு ஊக்கத்தொகை தாராளமாகக் கொடுக்கப்பட்டது. அதை நம்பிக் கடனில் கார் வாங்கியவர்கள் பலர். தொகை குறைக்கப்பட்டதும் 2017 பிப்ரவரியில் டெல்லியிலும் பெங்களூரிலும் வேலைநிறுத்தம் வெடித்தது. இரண்டு பக்கமும் ஓரளவு நிரம்பிவிட்டால் புதிதாக ஒரு போட்டியாளர் நுழைவது எத்தனை கடினம் என்பதையும் இதே கருத்து விளக்குகிறது.

ஆனால் தேடல் செலவு குறைந்தால் மட்டும் போதாது. அறியாத ஒருவரின் காரில் ஏற, அல்லது அறியாத ஒருவரை வீட்டில் படுக்கவைக்க, நம்பிக்கை வேண்டும். ஜார்ஜ் அகர்லோஃப் 1970இல் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து இந்தச் சிக்கலை அலசினார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் கார்களுக்கும் சராசரி விலையே தருவார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க விரும்பாமல் விலகுவார். விலகியதால் சராசரித் தரம் இறங்கும், விலை மேலும் இறங்கும்; முடிவில் ஓட்டை வண்டிகள் மட்டும் மிஞ்சும். இணையத்தில் பொருளைத் தொட்டுப் பார்க்கக்கூட முடியாது என்பதால் ஈபே போன்ற ஒன்று முளைக்கும்போதே கருகியிருக்க வேண்டும். கருகவில்லை. 1996இல் ஒமிட்யார் கொண்டுவந்த பின்னூட்ட முறை, அதாவது வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி மற்றவர் எல்லோரும் படிக்கும்படி குறிப்பு எழுதும் ஏற்பாடு, அதைக் காப்பாற்றியது. இன்றைய ஐந்து நட்சத்திரங்களும் அதன் வாரிசுகளே.

நற்பெயருக்கு என்ன விலை? பால் ரெஸ்னிக்கும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஈபேயில் நல்ல பெயர் எடுத்திருந்த பழைய அஞ்சலட்டை வியாபாரி ஒருவர், ஒரே மாதிரியான அட்டைகளில் ஒரு பங்கைத் தன் பெயரிலும் மறுபங்கைப் புதிதாகத் தொடங்கிய பெயர்களிலும் விற்றார். 2006இல் வெளியான முடிவின்படி, பழைய பெயருக்கு வாங்குபவர்கள் சராசரியாக 8.1 சதவீதம் அதிகம் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அட்டையும் ஆளும் ஒன்றே; பதிவேட்டில் இருந்த வரலாறுதான் வேறு.

இந்த முறைக்கு ஓட்டைகளும் உண்டு. ஆரம்ப கால ஈபேயில் பதிவான பின்னூட்டங்களில் ஏறத்தாழ 99 சதவீதம் பாராட்டாகவே இருந்தது. எல்லா வியாபாரிகளும் உத்தமர்கள் என்பதல்ல காரணம். ஒருவர் குறை எழுதினால் மற்றவர் பதிலுக்குக் குறை எழுதுவார் என்ற பயம்; ஆகவே கசப்பு அடைந்தவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள். 2008இல் ஈபே, விற்பவர் வாங்குபவருக்கு எதிராகக் குறை எழுதும் வழியையே அடைத்தது. ஏர்பிஎன்பி 2014இல் வேறு உத்தியைக் கையாண்டது. விருந்தினரும் வீட்டுக்காரரும் இருவரும் எழுதி முடிக்கும்வரை, அல்லது 14 நாள் கழியும்வரை, யாருடைய மதிப்புரையும் வெளியே தெரியாது. பழிவாங்கும் பயம் இதனால் குறைந்தது. ஆனால் நேரில் பழகி, தேநீர் குடித்த மனிதரைப் பற்றிக் கடுமையாக எழுதக் கை வருவதில்லை என்ற மனித இயல்பை எந்த மென்பொருளும் மாற்றிவிடவில்லை.

இன்னொரு கோளாறு இன்னும் ஆழமானது. நம்பிக்கை உண்டாக வேண்டும் என்று தளங்கள் பெயரையும் புகைப்படத்தையும் காட்டின. அதே பெயரும் படமும் பாகுபாட்டுக்கு வழி திறந்தன. பெஞ்சமின் எடல்மன், மைக்கேல் லூக்கா, டான் ஸ்விர்ஸ்கி மூவரும் ஐந்து அமெரிக்க நகரங்களில் சுமார் 6,400 ஏர்பிஎன்பி வீட்டுக்காரர்களுக்குக் கோரிக்கை அனுப்பிப் பார்த்தார்கள். மற்றெல்லா விவரமும் ஒன்றாக இருந்தும், கறுப்பினத்தவருடையது என்று தெரியும் பெயர்களுக்குச் சம்மதம் கிடைக்கும் வாய்ப்பு சுமார் 16 சதவீதம் குறைவு. வரவேற்பு மேசையில் ஊழியர் இருக்கும் விடுதி இப்படிச் செய்தால் சட்டம் பாயும். ஆயிரக்கணக்கான தனி வீட்டுக்காரர்கள் தனித்தனியே செய்யும்போது பிடிப்பது கடினம். முன்பதிவை ஏற்கும்வரை விருந்தினரின் படத்தைக் காட்டுவதில்லை என்று ஏர்பிஎன்பி 2018இல் முடிவு செய்தது.

நட்சத்திரங்கள் மட்டுமே நம்பிக்கையைத் தாங்குவதில்லை. ஏர்பிஎன்பியில் விருந்தினர் கட்டிய பணம் நிறுவனத்திடமே இருந்து, அவர் வந்து தங்கி ஒரு நாள் ஆன பிறகுதான் வீட்டுக்காரருக்குப் போகிறது. இல்லாத வீட்டைக் காட்டிப் பணம் பறிப்பது இதனால் கடினமாகிறது. 2011இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒருவருடைய வீட்டை விருந்தினர்கள் சூறையாடிச் சென்ற செய்தி பரவியதும் நிறுவனம் 50,000 டாலர்வரை இழப்பீட்டு உறுதி அறிவித்தது. அடுத்த ஆண்டே அது 10 லட்சம் டாலராக உயர்ந்தது. மதிப்பீடு தோற்கும் இடத்தில் காப்பீடுதான் கைகொடுக்கிறது என்பதைத் தளங்கள் அடிபட்டே கற்றன.

விலை நிர்ணயமும் பட்டியலை வைத்திருப்பவரின் வேலையே. மழை பெய்யும் மாலையில் கட்டணம் ஏறுவதற்குப் பொருளியல் தர்க்கம் இருக்கிறது. விலை கூடினால் வீட்டில் இருக்கும் ஓட்டுநர் சிலர் வெளியே வருவார்கள், அவசரம் இல்லாத பயணி காத்திருப்பார். சாதாரண நாட்களில் இது வேலை செய்கிறது. 2014 டிசம்பர் 15 அன்று சிட்னியில் உணவகம் ஒன்றில் ஆயுதம் ஏந்தியவர் மக்களைப் பிணைக்கைதிகளாக்கியபோது, நகர மையத்திலிருந்து எல்லோரும் வெளியேறத் துடித்தார்கள். ஊபரின் நிரல் தேவை ஏறியதை மட்டும் கண்டு கட்டணத்தை நான்கு மடங்காக்கியது. கண்டனம் எழுந்த பிறகு நிறுவனம் பணத்தைத் திருப்பித் தந்தது. இந்திய அரசின் 2020 வழிகாட்டு நெறிகள் அடிப்படைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல் போகக்கூடாது என்றன. 2025இல் அந்த வரம்பு இரண்டு மடங்காகத் தளர்த்தப்பட்டது.

ஆளுக்கு ஆள் முறை மிக வேகமாகப் பரவி மிக மோசமாகச் சறுக்கியது கடன் துறையில். 2005இல் பிரிட்டனில் ஸோப்பா தொடங்கியது. வங்கிக்குப் பதிலாகச் சாதாரண மக்களே சாதாரண மக்களுக்குக் கடன் கொடுப்பார்கள். ஒருவர் போடும் தொகை சிறு துண்டுகளாகப் பிரிந்து பல கடனாளிகளிடம் போகும். ஒருவர் கட்டாவிட்டாலும் முழுப் பணமும் போகாது. அமெரிக்காவில் ப்ராஸ்பர், லெண்டிங் கிளப் ஆகியவை தொடர்ந்தன. இதில் ஒரு கோணல் இருக்கிறது. தளத்தின் வருமானம் எத்தனை கடன் கைமாறியது என்பதைப் பொறுத்தது. கடன் திரும்பாவிட்டால் நஷ்டம் பணம் போட்டவருக்கு. கடனாளியின் தகுதியை அளப்பவரும் தளம்தான். அளப்பவருக்கு நஷ்டத்தில் பங்கில்லை என்றால் அளவுகோல் இளகுவதற்கு அதிக காலம் ஆகாது.

சீனாவில் அது நடந்தது. கண்காணிப்பு இல்லாத நிலையில் ஆயிரக்கணக்கான கடன் தளங்கள் முளைத்தன. அவற்றில் ஒன்றான எசுபாவ், சுமார் 9 லட்சம் பேரிடம் 5,000 கோடி யுவான் அளவுக்குத் திரட்டி, புதியவர்களின் பணத்தைப் பழையவர்களுக்கு வட்டியாகக் கொடுக்கும் மோசடி என்று 2016இல் வெட்டவெளிச்சமானது. அரசு பிடியை இறுக்கியது. 2020 நவம்பர் அளவில் அந்த நாட்டில் இயங்கும் இத்தகைய தளம் ஒன்றுகூட இல்லை. பிரிட்டனில் மோசடி எதுவும் இல்லாமலே ஸோப்பா வங்கி உரிமம் பெற்று, 2021 டிசம்பரில் ஆளுக்கு ஆள் கடனைக் கைவிட்டது. லெண்டிங் கிளப்பும் ஒரு வங்கியை வாங்கிக்கொண்டு அந்த வழியை விட்டது. இடைத்தரகரை ஒழிக்கக் கிளம்பியவர்கள் வங்கியாகவே மாறி நின்றார்கள்.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2017 அக்டோபரிலேயே விதிகள் வகுத்தது. தளம் தன் பணத்தைக் கடனாகக் கொடுக்கக்கூடாது, திரும்பி வரும் என்று உத்தரவாதமும் தரக்கூடாது; பணம் தனிக் கணக்கு வழியாகவே போக வேண்டும். ஒருவர் ஒரே கடனாளிக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய்தான் கொடுக்கலாம். எல்லாத் தளங்களிலும் சேர்த்துக் கடன் வாங்குபவருக்கு 10 லட்சம், கொடுப்பவருக்கு 50 லட்சம் என்பவை இப்போதைய உச்சவரம்புகள். இருந்தும் சில தளங்கள் இதை நிலையான வருமானம் தரும் முதலீடு போலவும் நினைத்தபோது எடுக்கலாம் என்றும் விளம்பரம் செய்தன. 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அதற்குத் தடை போட்டது. உறுதியான வருமானம் என்று யாராவது ஆளுக்கு ஆள் கடனை விற்க வந்தால், அது விதிக்கே புறம்பானது என்பதை வாசகர் நினைவில் கொள்ளலாம்.

கொடுப்பவர், வாங்குபவர், தளம் ஆகிய மூவரும் மகிழ்ச்சியாக இருக்கும் ஒப்பந்தத்தின் செலவு நான்காமவர் தலையில் விழுவதும் உண்டு. பக்கத்து வீடு சுற்றுலா விடுதியாக மாறினால் இரவுச் சத்தம் அண்டை வீட்டாருக்கு. நீண்டகால வாடகைக்கு இருந்த வீடுகள் குறைந்தால் பாதிப்பு அந்த ஊர்க் குடும்பங்களுக்கு. நியூயார்க் 2023 செப்டம்பர் முதல் 30 நாளுக்குக் குறைவான வாடகைக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது; வீட்டுக்காரரும் உடன் தங்க வேண்டும், இரண்டு விருந்தினருக்கு மேல் கூடாது. பார்சிலோனா தன் சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்கள் சுமார் 10,000ஐயும் 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக 2024இல் அறிவித்தது. சாலையிலும் இப்படித்தான். பகிர்ந்து போனால் நெரிசல் குறையும் என்பது ஆரம்ப வாக்குறுதி. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2010 முதல் 2016 வரை வார நாட்களின் தாமதம் 62 சதவீதம் கூடியது என்றும், இந்தச் செயலி வண்டிகள் இல்லாதிருந்தால் 22 சதவீதமே கூடியிருக்கும் என்றும் 2019இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. நின்றுகொண்டிருந்த கார்கள் ஓடத் தொடங்கின. பேருந்தில் போயிருக்கக்கூடியவர்கள் அவற்றில் ஏறினார்கள்.

வேலை செய்பவர் யார் என்ற கேள்வி நீதிமன்றங்களை நிரப்பியிருக்கிறது. ஓட்டுநர்கள் சுயதொழில் செய்வோர், நாங்கள் வெறும் மென்பொருள் நிறுவனம் என்பது தளங்களின் வாதம். 2017 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ஊபர் ஒரு போக்குவரத்துச் சேவையே என்றது. இரண்டு ஆண்டு கழித்து அதே நீதிமன்றம் ஏர்பிஎன்பியைத் தகவல் சேவை என்று வகைப்படுத்தியது. முரண்பாடாகத் தோன்றினாலும் தர்க்கம் உண்டு. ஊபர் கட்டணத்தையும் சேவையின் நிபந்தனைகளையும் தானே தீர்மானித்தது. ஏர்பிஎன்பியில் வாடகையைச் சொல்வது வீட்டுக்காரர். 2021 பிப்ரவரி 19 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம், ஊபர் ஓட்டுநர்கள் குறைந்தபட்சக் கூலிக்கும் விடுமுறைச் சம்பளத்துக்கும் உரிமையுள்ள பணியாளர்களே என்று தீர்ப்பளித்தது. கட்டணத்தையும் ஒப்பந்தத்தையும் நிறுவனமே முடிவு செய்கிறது, நட்சத்திர மதிப்பீட்டை வைத்து ஓட்டுநரை நீக்கவும் செய்கிறது என்பவை காரணங்களில் அடங்கும். கலிஃபோர்னியாவிலோ நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கு மேல் பிரசாரத்தில் கொட்டி, 2020 வாக்கெடுப்பில் ஓட்டுநர்களைச் சுயதொழிலாளர்களாகவே வைத்துக்கொண்டன.

நிதி ஆயோக் 2022 அறிக்கையின்படி இந்தியாவில் 2020–21இல் இத்தகைய தொழிலாளர்கள் சுமார் 77 லட்சம் பேர், 2029–30இல் 2.35 கோடி ஆகலாம். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, அவர்களுக்காகத் தளங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம்வரை ஒரு நிதியில் செலுத்த வேண்டும் என்கிறது. அவர்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் ராஜஸ்தான், ஆண்டு 2023. தமிழ்நாடு அதே ஆண்டு இறுதியில் தனி நலவாரியம் அமைத்தது.

லாபம் இல்லாமல் பகிரும் வடிவங்கள் மறைந்துவிடவில்லை, சுருங்கிவிட்டன. பயணிகளை இலவசமாக வீட்டில் தங்கவைத்த கவுச்சர்ஃபிங் 2011இல் லாப நிறுவனமாகி, 2020 மே மாதம் பெருந்தொற்றின் நடுவே சந்தா கேட்கத் தொடங்கியது. உறுப்பினர்களில் பலர் ஏமாற்றப்பட்டதாகக் கொதித்தார்கள். அவர்களே பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த மதிப்புரைகள் சந்தாவுக்கு அப்பால் பூட்டிக் கிடந்தன. 2006இல் பிரான்சில் தொடங்கிய பிளாப்ளாகார் வேறு மாதிரி. ஓட்டுநர் எப்படியும் போகும் ஊருக்கு அதே வழியில் போகிறவர்களை ஏற்றிக்கொள்கிறார். கேட்கும் தொகை எரிபொருள், சுங்கச் செலவைப் பங்கிடும் அளவைத் தாண்டாதபடி தளம் உச்சவரம்பு வைக்கிறது. ஓட்டுநருக்கு லாபம் இல்லாததால் அது தொழில் ஆவதில்லை. எவ்வளவு பேசுவார் என்பதை ஓட்டுநரும் பயணியும் முன்கூட்டியே மூன்று நிலைகளில் அறிவிக்கும் வழக்கம் அதன் தனி அழகு.

பட்டியலையே ஒரு நிறுவனத்தின் பிடியிலிருந்து விடுவிக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. கேரள அரசு 2022 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் கேரள சவாரி என்ற செயலியைத் தொடங்கியது. தொடக்கத்தில் அதன் சேவைக் கட்டணம் 8 சதவீதமாக மட்டுமே இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் பெங்களூரில் நம்ம யாத்ரி வந்தது. யார் வேண்டுமானாலும் இணையக்கூடிய திறந்த நெறிமுறையின் மேல் அது கட்டப்பட்டது. பயணத்துக்குப் பயணம் கமிஷன் பிடிக்காமல், ஆட்டோ ஓட்டுநரிடம் நாள் ஒன்றுக்கு 25 ரூபாய் என்ற சந்தாவை அது பின்னர் அறிமுகப்படுத்தியது. பயணி தரும் முழுத் தொகையும் ஓட்டுநர் கைக்கே போகும். போட்டி பெரிய நிறுவனங்களையும் அசைத்தது. 2025 பிப்ரவரியில் ஊபர் இந்திய ஆட்டோக்களுக்குக் கமிஷனைக் கைவிட்டுச் சந்தா முறைக்கு மாறியது. அதே ஆண்டு ஓலாவும் மாறியது. கட்டணம் பிடிக்கும் விதம் மாறியிருக்கிறதே தவிர, ஓர் ஓட்டுநர் பல ஆண்டுகளில் ஈட்டிய நட்சத்திரங்களை இன்னொரு செயலிக்கு எடுத்துச் செல்ல இன்றும் வழி இல்லை.